அலாரம் ஒலித்த பிறகு ஓடியவை, ஒலிக்கும் முன்பே கற்றவை

அன்று இரவு இரண்டு மணி கடந்து சில நிமிடங்கள் ஆகியிருக்கும். ஒன்பதாம் அறையில், படுத்திருப்பவர் எழுந்தால் ஒலிக்கும் படுக்கை அலாரம் ஒலித்தது. நான் அப்போது நடைக்கூடத்தின் மறுகோடியில் இன்னொரு முதியவரை ஒருக்களித்துப் படுக்கவைத்துக்கொண்டிருந்தேன். அவரைப் பாதியில் விட்டுவிட்டு நகர்ந்தால் அவரும் சரிந்துவிடுவார் என்பதால், முதுகுக்குத் தலையணையை அண்டக்கொடுத்துவிட்டு ஓடினேன். கதவைத் திறந்தபோது அந்த அம்மா கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவே தரையில் கிடந்தார். வலது கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது என்பதை எக்ஸ்ரே எடுக்கும் முன்பே அந்தப் பாதம் சொல்லிவிட்டது. கட்டிலின் தலைமாட்டில் அலாரம் அப்போதும் அலறிக்கொண்டே இருந்தது.

நிகழ்வு அறிக்கையை நான்தான் எழுதினேன். 'அலாரம் சரியாக இயங்கியது. பணியாளர் உடனே விரைந்தார்.' இரண்டும் உண்மை. ஆனால் எல்லாம் முறையாக நடந்தும் அவர் ஏன் விழுந்தார் என்பதற்கு அந்த இரண்டு வரிகளிலும் விடை இல்லை என்பது எழுதி முடித்ததும் உறுத்தியது. மறுநாள் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே தூரத்தை ஓடிப் பார்த்தேன். கையிலிருப்பவரைப் பாதுகாப்பாக விட்டுவிட்டு அறையை அடைய நாற்பது விநாடிகள் ஆயின. கால்கள் தளர்ந்த ஒருவர் கட்டில் விளிம்பிலிருந்து எழுந்து தடுமாறி விழுவதற்குப் பத்து விநாடிகூட வேண்டாம். அதுவரை படுக்கை அலாரம் என்பது விழுவதைத் தடுக்கும் கருவி என்று நான் நம்பியிருந்தேன். குடும்பத்தாரிடமும் அப்படித்தான் சொல்லி வந்தேன். உண்மையில் அது, ஒருவர் எழத் தொடங்கிவிட்டார் என்பதை மட்டும் சொல்லும் கருவி. அவர் ஏன் எழுந்தார் என்பதை அது சொல்லாது.

முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பல ஆண்டுகள் இரவுப் பணி பார்த்த செவிலியர் என்ற முறையில், அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து சென்றதில் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். விழுதல் சிறிய விபத்து அல்ல. உலகெங்கும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களில் அறுபது வயதைக் கடந்தவர்களே அதிகம். ஆனால் எங்களைப் போன்றவர்கள் அன்றாடம் காண்பது மரணத்தைவிட வேறொன்றை. அதுவரை தானே நடந்து வந்து நாற்காலியில் அமர்ந்தவர், ஒருமுறை விழுந்த பிறகு, எலும்பு முறியாவிட்டாலும், அச்சத்தினாலேயே நடப்பதை விட்டுவிடுகிறார். நடக்காத கால்கள் சில வாரங்களிலேயே வலுவிழந்து, அடுத்த விழுதலைத் தாமே வரவழைக்கின்றன.

முதலில் கருவிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் அதிகம் இருந்தவை மெத்தையின் மேலோ நாற்காலி இருக்கையிலோ விரிக்கும் சென்சார் பேடுகள். உடல் எடை அதன் மேல் இருக்கும்வரை அமைதியாக இருக்கும். எடை நீங்கியதும் ஒலிக்கும். கட்டிலருகே தரையில் போடும் சென்சார் பாய் இதற்கு நேர்மாறு. கால் பட்டதும் ஒலிக்கும். ஒரு முனையைச் சட்டையில் கிளிப்பால் மாட்டி, மறுமுனையைக் காந்தத்தால் கருவியில் ஒட்டவைக்கும் கயிற்று அலாரமும் உண்டு; எழுந்தால் கயிறு இழுபட்டுக் காந்தம் விடுபட, அது ஒலிக்கும். கட்டிலின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சி, கால் அதைக் கடந்ததும் அறிவிக்கும் சென்சார், கழுத்திலோ மணிக்கட்டிலோ அணிந்துகொள்ளும் கருவி, ரேடார் அலைகளைக் கொண்டு ஒருவர் படுத்திருக்கிறாரா தரையில் கிடக்கிறாரா என்பதைக் கணிக்கும் கருவி ஆகியவையும் இன்று புழக்கத்தில் உள்ளன.

ஒவ்வொன்றும் எப்போது கைவிடும் என்பதை விளம்பரத் தாள் சொல்வதில்லை. பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மிகவும் மெலிந்தவர்கள் பேடின் மேல் படுத்திருக்கும்போதே, அவர்களுடைய எடையை உணராமல், புரண்டதும் அது ஒலித்துவிடும். சிறுநீர் ஒழுகாமலிருக்கப் போடும் ரப்பர் விரிப்பை நான்காக மடித்துப் பேடின் மேல் போட்டிருந்த ஓர் இரவில், அவர் எழுந்து வாசல்வரை வந்த பிறகும் அது வாயே திறக்கவில்லை. தரைப் பாயின் ஓரம் சுருண்டுவிட்டால், விழாமல் காக்கப் போட்ட பாயே காலைத் தடுக்கிவிடும். கைத்தடியும் வாக்கரும் அதன் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். கயிற்றைத் தானே கழற்றித் தலையணையில் மாட்டிவிட்டுப் போகும் அறிவு, நினைவு மங்கியவர்களுக்கும் உண்டு. பேடுகளுக்குக் காலாவதித் தேதி இருக்கிறது என்பதையும், அதைத் தாண்டிய பேடின் உணர்திறன் குறைந்துவிடும் என்பதையும் எங்கள் பிரிவில் ஒருவர்கூடக் கவனித்திருக்கவில்லை. அதன் பிறகு, பேடைப் பயன்படுத்தத் தொடங்கிய தேதியை அதன் மூலையிலேயே அழியாத மையால் எழுதினோம். ஒவ்வொரு பணிமாற்றத்தின்போதும், பொறுப்பை ஒப்படைப்பவரும் ஏற்பவரும் சேர்ந்து நின்று, பேடைக் கையால் அழுத்தி விட்டு ஒலிக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுவது என்று வைத்துக்கொண்டோம். பச்சை விளக்கு எரிகிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டுப் போவது சோதனை ஆகாது. விளக்கு எரிந்தபடியே வயர் பிடுங்கப்பட்டுக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கருவியின் கோளாறுகளைச் சரிசெய்யலாம். சரிசெய்ய முடியாதது எங்கள் காதுகளுக்கு நேர்ந்தது. ஒரே நேரத்தில் பதினொரு படுக்கைகளில் அலாரம் வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. இரவு முழுவதும் ஏதாவதொன்று ஒலித்துக்கொண்டே இருக்கும். பெரும்பாலானவை புரண்டு படுத்ததால் ஒலித்தவை. சில வாரங்களில், அந்த ஒலி கேட்டதும் ஓடிய கால்கள் நடக்கத் தொடங்கின. பிறகு, 'அவர்தான், சும்மா புரண்டிருப்பார்' என்ற எண்ணம் காலுக்கு முன்னே வந்தது. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. என் கால்களும் அப்படித்தான் மெதுவாயின. ஒருவருடைய அலாரம் பக்கத்து அறையில் இருப்பவரை எழுப்பிவிட, திடுக்கிட்டு விழித்த அவர் குழப்பத்தில் எழுந்து நடக்க முயன்றதும் நடந்திருக்கிறது.

இன்னும் என் மனதை விட்டு நீங்காதது வேறொன்று. பகல் பொழுதில் கூடத்து நாற்காலியில் பேட் வைத்து அமர்த்தப்பட்டிருந்த ஒரு பாட்டி, மாலை வரை அசையாமல் இருந்தார். இவர் எவ்வளவு அமைதியாக இருக்கிறார், அலாரம் நன்றாகப் பயன்படுகிறது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். உடை மாற்ற எழுப்பியபோது, அவருடைய சேலை முழுவதும் நனைந்து, தொடையின் பின்புறம் சிவந்துபோயிருந்தது. ஏன் பாட்டி கூப்பிடவில்லை என்று கேட்டேன். "எந்திரிச்சா அது கத்துதும்மா. எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. அதான் உக்காந்தே இருந்துட்டேன்" என்றார். நாங்கள் அவரைக் கயிற்றால் கட்டவில்லை, ஒலியால் கட்டியிருந்தோம். அமெரிக்காவில் பராமரிப்பு இல்லங்களை மேற்பார்வையிடும் மத்திய அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், அலாரம் ஒலித்துவிடுமே என்று அஞ்சி ஒருவர் அசையாமல் இருந்துவிட்டால் அந்த அலாரமும் அவரைத் தடுத்துக் கட்டுவதற்கு ஒப்பாகலாம் என்று சொல்லப்பட்டிருப்பதைப் பின்னாளில் படித்தபோது, எனக்கு அந்த நனைந்த சேலைதான் கண்முன் வந்தது.

ஆய்வுகளையும் தேடிப் படித்தேன். 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஒரு மருத்துவமனையின் 16 வார்டுகளில் 27,672 நோயாளிகளைக் கணக்கில் கொண்டு, பாதி வார்டுகளில் படுக்கை அலாரப் பயன்பாட்டைப் பெருக்கிப் பார்த்தார்கள். அலாரங்கள் பெருகினவே தவிர விழுதல் குறையவில்லை. 2014-இல் பிரிட்டனில் 1,839 நோயாளிகளிடம் படுக்கைக்கும் நாற்காலிக்கும் சென்சார் வைத்து நடத்திய ஆய்வும் அதே முடிவுக்குத்தான் வந்தது. இரண்டும் மருத்துவமனைகளில் நடந்தவை. சில நாட்கள் தங்கிப் போகும் நோயாளிக்கும் ஆண்டுக்கணக்கில் எங்களோடு வாழ்பவருக்கும் வேறுபாடு உண்டு. ஆனாலும் ஒன்பதாம் அறைக்கு ஓடிய நாற்பது விநாடிகளை அறிந்த எனக்கு அந்த முடிவில் வியப்பு எதுவும் இருக்கவில்லை.

அப்படியானால் கருவிகளைத் தூக்கி எறிந்துவிடலாமா என்றால், நாங்கள் அப்படிச் செய்யவில்லை. அவற்றை வேறு விதமாகப் பயன்படுத்தினோம். அலாரம் ஒலித்தால் போய் அமைதிப்படுத்திவிட்டு வருவதோடு நிறுத்தாமல், ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று விஷயங்களை எழுதுவது என்று தொடங்கினோம்: எத்தனை மணிக்கு ஒலித்தது, போய்ப் பார்த்தபோது அவர் என்ன செய்துகொண்டிருந்தார், கேட்டதற்கு என்ன சொன்னார். 'நோயாளி எழ முயன்றார்' என்று எழுதக் கூடாது. 'கட்டிலின் இடப்பக்கம் காலைத் தொங்கவிட்டு, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்' என்று எழுத வேண்டும். முதலில் இது கூடுதல் சுமையாகத் தோன்றியது, பணியாளர்கள் முணுமுணுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கங்களை ஒன்றாக உட்கார்ந்து படித்தபோது முணுமுணுப்பு நின்றுவிட்டது.

ஏனெனில், காரணமில்லாமல் எழுந்தவர் என்று அதில் ஏறத்தாழ ஒருவரும் இல்லை. பாதிக்கு மேற்பட்டவை கழிப்பறைக்காக. ஒருவர் ஒவ்வோர் இரவும் பதினொன்றரைக்கும் பன்னிரண்டரைக்கும் இடையில் எழுந்திருந்தார். மருந்துத் தாளைப் பார்த்தால், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையின் இரண்டாவது வேளை மாலையில் கொடுக்கப்பட்டு வந்தது. மருத்துவரிடம் சொன்னதும், அதை மதியத்துக்கு மாற்றி எழுதினார். நாமாக மாத்திரை நேரத்தை மாற்றிவிடக் கூடாது. ஆனால் நோட்டுப் புத்தகத்தை மருத்துவர் முன் திறந்து வைக்கும் பொறுப்பு நம்முடையது. இன்னொருவர் விடியற்காலையில் எழுந்தது இடுப்பு வலியால். படுக்கும் முன் கொடுத்த வலி மாத்திரையின் பலன் அந்த நேரத்தோடு தீர்ந்துவிடும். படுக்க முடியாமல் எழுந்தவரைத்தான் நாங்கள் 'சொன்னால் கேட்கமாட்டார்' என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

இதையொட்டி, எழும்போது தலை சுற்றுகிறது என்று யார் சொன்னாலும் இரத்த அழுத்தத்தைப் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் அளக்கத் தொடங்கினோம். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மீண்டும். மேல் அளவு 20-ஓ அதற்கு மேலோ, கீழ் அளவு 10-ஓ அதற்கு மேலோ இறங்கினால் மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். நிற்கவைத்து அளக்கும்போது பக்கத்தில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். உட்கார்ந்த நிலையில் எடுத்த அளவுகளெல்லாம் ஒழுங்காக இருந்த ஓர் ஐயாவுக்கு, நின்றதும் மேல் அளவு 34 இறங்கியது. அவருக்குத் தேவைப்பட்டது அலாரம் அல்ல. மருந்துகளை மறுபடியும் பார்ப்பதும், எழும் முன் கால்களைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் அமர்ந்திருப்பதுமே. தூக்க மாத்திரை எடுத்துக்கொள்பவர்களையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். தூங்கட்டும் என்று கொடுப்பது, நள்ளிரவில் எழுபவரின் காலைத் தள்ளாட வைக்கும்.

நோட்டைக் கொண்டு இரவுச் சுற்றின் நேரத்தை மாற்றினோம். எல்லா அறைக்கும் ஒரே நேரம் என்பதை விட்டுவிட்டு, பன்னிரண்டு மணிக்கு எழுபவரிடம் பதினொன்றே முக்காலுக்கு நாங்களே சென்று நின்றோம். "ஐயா, பாத்ரூம் போயிட்டு வந்துடலாமா?" என்று கேட்டு அழைத்துப் போவதற்கு ஆகும் எட்டு நிமிடம், விழுந்தவரைத் தூக்கி, மருத்துவரை அழைத்து, அறிக்கை எழுதும் மூன்று மணி நேரத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அறையை விட்டு வெளியேறும் முன் வலி இருக்கிறதா, படுத்திருக்கும் நிலை வசதியா, கழிப்பறை போக வேண்டுமா, தண்ணீரும் கண்ணாடியும் அழைப்பு மணியும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளனவா என்ற நான்கையும் பார்ப்பது பழக்கமாயிற்று. அழைப்பு மணி கைக்கெட்ட வேண்டும் என்றால், கட்டிலோடு கட்டியிருக்க வேண்டும் என்று பொருளல்ல. பக்கவாதத்தால் இடக்கை விழுந்தவருக்கு மணியை இடப்பக்கம் கட்டியிருந்ததை நான் மூன்று மாதம் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

மற்ற மாற்றங்கள் சிறியவை: கட்டிலைத் தாழ்த்துவது, கட்டிலிலிருந்து கழிப்பறை வரை தரையோரமாக மங்கலான விளக்கு, கழிப்பறைக் கதவை இரவில் திறந்தே வைப்பது, காலைப் பிடித்து நிற்கும் குதிகால் மூடிய காலணி. கட்டிலின் பக்கக் கம்பிகளைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எழுந்தே தீருவது என்றிருப்பவர் கம்பிக்கு மேலேறித்தான் இறங்குவார். அப்போது அவர் விழும் உயரம் கூடுகிறது. கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவே உடல் சிக்கி உயிர் போகும் ஆபத்தும் உண்டு.

அலாரம் இன்னும் தேவைப்படும் இடங்கள் உள்ளன. புதிதாக வந்தவரின் வழக்கங்கள் நமக்குத் தெரியாத முதல் இரண்டு வாரங்கள். அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தவர், காலை ஊன்றக் கூடாது என்பதை மறந்துவிடும் நாட்கள். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ வந்து திடீரெனக் குழம்பிப்போகும் நாட்கள். அப்போதும் ஒலி அறைக்குள் கேட்காமல், பணியாளரின் இடுப்பில் உள்ள பேஜரில் மட்டும் அதிரும்படி அமைத்தோம். எடுக்கும் தேதியையும் வைக்கும்போதே எழுதினோம். இல்லையென்றால் வைத்த அலாரம் வைத்தபடியே ஆண்டுக்கணக்கில் கிடக்கும். தனி அறையில் இருந்து, மணி அடிக்கத் தெரியாதவருக்கு, விழுந்த பிறகாவது விரைவில் தெரியவேண்டும் என்பதற்காகவும் சென்சார் வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையிலேயே கிடந்தால் உடல் குளிர்ந்து, நீர் வற்றி, அழுந்திய தசைகள் சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கப்படலாம். இந்த வகையில் கருவி செய்யும் உதவியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கேமராவைப் பொறுத்தவரை, உடை மாற்றும் அறையில் ஒருவரைப் பார்த்துக்கொண்டே இருக்க நமக்கு என்ன உரிமை என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். எந்தச் சென்சாராக இருந்தாலும் அது என்ன, எதற்கு என்பதை அவரிடமே சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். நினைவு மங்கியவர் என்பதால் அவரைத் தாண்டி மகனிடம் மட்டும் கேட்பது சரியல்ல.

யாராவது விழுந்துவிட்டால், பதற்றத்தில் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிடும் வழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. தலையில் அடியா, கழுத்தில் வலியா, கால் கோணியிருக்கிறதா என்று பார்க்கும் வரை தூக்கவே கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவருக்குத் தலையில் சிறு அடி பட்டிருந்தாலும், அவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், மருத்துவருக்கு உடனே சொல்ல வேண்டும். பிறகு, அந்தப் பணிநேரம் முடிவதற்குள், விழுந்த இடத்திலேயே நின்று காரணத்தைப் பேச வேண்டும். மறுநாள் அலுவலக மேசையில் பேசினால், தரை ஈரமாக இருந்ததும் செருப்பு கட்டிலுக்கு அடியில் போயிருந்ததும் யாருக்கும் நினைவிருக்காது.

அலாரங்களைக் குறைக்கத் தொடங்கியபோது மிகக் கடினமாக இருந்தது குடும்பத்தாரிடம் பேசுவதுதான். ஒரு மகள் நேரடியாகவே கேட்டார்: "அலாரத்த எடுத்துட்டீங்கன்னா, எங்கம்மா விழுந்தா யாரு சிஸ்டர் பொறுப்பு?" அவருடைய கோபம் நியாயமானது. விழவே மாட்டார் என்று உறுதி கொடுக்க என்னால் முடியாது, அலாரம் இருந்தபோதும் அந்த உறுதி இருக்கவில்லை என்று சொல்லிவிட்டு, நோட்டைத் திறந்து அவரிடமே கொடுத்தேன். மூன்று வாரப் பக்கங்கள். அவருடைய அம்மா பெரும்பாலும் பதினொரு மணிக்கு மேல் எழுந்திருந்தார். கழிப்பறைக்கு இல்லை, வலி இல்லை, பசியும் இல்லை. 'எழுந்து அறை வாசல் நோக்கிச் சென்றார். கதவைப் பிடித்து இழுத்தார். வீட்டுக்குப் போகணுமா என்று கேட்டேன், இல்லை என்றார்' என்று ஒரே மாதிரி எழுதியிருந்தது. வெளியே போகத் துடிக்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

மகள் அந்தப் பக்கங்களை இரண்டு முறை படித்தார். பிறகு, "அவங்க வெளிய போகப் பாக்கல சிஸ்டர். பூட்டியிருக்கான்னு பாக்குறாங்க. அப்பா ராத்திரி வேலைக்குப் போவாரு. நாங்க மூணு பேரும் பொண்ணுங்க. எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேருந்து படுத்தப்புறம் ஒருதடவ எந்திரிச்சுப் போய்த் தாழ்ப்பாளத் தொட்டுப் பாத்துட்டுத்தான் தூங்குவாங்க" என்றார்.

அன்று இரவு பத்தரை மணிக்கு, அந்த அம்மாவின் கையைப் பிடித்து, வாக்கருடன் மெதுவாக இல்லத்தின் முன்வாசல் வரை அழைத்துச் சென்றேன். அவர் தாழ்ப்பாளை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். என் இடுப்பில் தொங்கிய சாவிக் கொத்தைக் காட்டினேன். திரும்பி வந்து படுத்தவர் காலை ஐந்து மணிக்குத்தான் விழித்தார். அடுத்த வாரம் நோட்டில் அவர் பெயருக்கு எதிரே இரண்டு இரவுகள் மட்டுமே இருந்தன. இரண்டும், பணியில் இருந்தவர் வாசலுக்கு அழைத்துப் போக மறந்த இரவுகள்.